விபத்துச் செய்தியின் இலக்கணம்

நாள்தோறும் காலையில் நம் விடுதிப் படிப்பறைக்கு நாளிதழ்கள் வந்து சேர்ந்தவுடன் அவற்றின் தாள்கள் பிரிந்து பல கைகளுக்குச் செல்வதை மாணாக்கர் யாவரும் அறிவர். விளையாட்டுப் பக்கத்தை ஒருவரும் திரைச்செய்தியை மற்றொருவரும் கவர்ந்துகொள்ள, இறுதியில் மேசைமீது எஞ்சிக் கிடப்பது மாவட்டச் செய்திப் பக்கம் ஒன்றே. தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் பெரும்பாலும் அப்பக்கத்தையே பெறுவோம். யாம் பிந்தி எழுவதே அதற்குக் காரணமென்பதை மறைப்பதற்கில்லை.

அப்பக்கத்தில் பேருந்தோ லாரியோ மோட்டார் சைக்கிளோ இடம்பெறாத நாள் அரிது. ஒருநாள் பேருந்து கவிழும். மறுநாள் லாரி மோதும். அடுத்த நாள் புதிய வழித்தடமொன்றைப் பெரியோர் ஒருவர் கொடியசைத்துத் தொடங்கி வைப்பார். மழை பெய்த செய்தியைப் படிப்பது போலவே இவற்றையும் படித்து, தேநீர் ஆறுமுன் தாளை மடித்து வைப்பது எமக்கும் வழக்கமாயிருந்தது. அவ்வழக்கம் சென்ற கல்வியாண்டின் புரட்டாசித் திங்களில் ஒரு காலையோடு நின்றது.

அன்று பக்கத்தின் அடியில் நான்கு வரிச் செய்தியொன்று இருந்தது. எம் கல்லூரிக்கு எதிரே நெடுஞ்சாலையைக் கடக்க முயன்ற முதியவர் ஒருவர், அடையாளம் தெரியாத வாகனம் மோதி அவ்விடத்திலேயே இறந்தார் என்றும், காவல் துறையினர் வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர் என்றும் அது கூறிற்று. பெயர் இருந்தது, வயதும் இருந்தது. வயது தவறு. அம்முதியவர் எம் விடுதிச் சமையற்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிந்தவர். எமக்கு மூத்தோரும் யாமும் அவரைத் ‘தாத்தா’ என்றே அழைத்தோம். சோறு பரிமாறுங்கால் “இன்னும் ஒரு கரண்டி வைக்கட்டுமா, தம்பி?” என்று கேளாமல் அவர் எவர் இலையையும் கடந்ததில்லை. இரவு உணவு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்தபின், சாலைக்கு அப்பாலுள்ள நிறுத்தத்திற் பேருந்தேறித் தம் ஊர் செல்வது அவர் வழக்கம்.

‘கடக்க முயன்ற’ என்னுந் தொடர் எம்மைப் பலநாள் உறுத்திற்று. முப்பது ஆண்டு நாள்தோறும் ஒரு சாலையைக் கடந்தவரைக் ‘கடக்க முயன்றவர்’ என்பது என்னை? அதே பக்கத்தில் வேறு செய்திகளையும் புரட்டிப் பார்த்தோம். ஆங்கே ‘தப்பியோட முயன்ற’ கைதி ஒருவர் இருந்தார். ‘நகை பறிக்க முயன்ற’ இளைஞர் ஒருவர் இருந்தார். செய்யத் தகாததொன்றைச் செய்யத் துணிந்தாரைக் குறிக்கும் அச்சொல்லே, வேலை முடிந்து வீடு திரும்பிய எம் தாத்தாவுக்கும் வழங்கப்பட்டிருந்தது. எழுதியவர் இதனை எண்ணி எழுதினாரென யாம் கூறோம். எண்ணாது எழுதும்போது கை எந்த அச்சிற் செல்கிறதென்பதே எம் ஆராய்ச்சி.

அச்செய்தியில் இல்லாதனவும் உண்டு. சில ஆண்டுகட்கு முன் அச்சாலை அகலப்படுத்தப்பட்டது. நடுவே தடுப்புச்சுவர் எழுந்தது. கல்லூரி வாயிலுக்கு நேரே இருந்த வழி அடைபட்டது. சிறிது தொலைவில் ஓர் இடைவெளி விடப்பட்டது. அவ்விடைவெளிக்கு மேலிருந்த மின்விளக்குப் பல இரவுகளாக எரியவில்லை. இவை நம் மாணாக்கர் அனைவரும் அறிந்தவை. செய்தியின் நான்கு வரிகளில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை.

இனி இலக்கணத்திற்கு வருவோம். தொல்காப்பியனார் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில் ஒரு தொழிலுக்கு முதனிலைகள் எட்டென வகுத்தார். தொழில், அதனைச் செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி என்பன ஆறு. ‘இன்னதற்கு’ என்பதும் ‘இது பயன்’ என்பதும் எஞ்சிய இரண்டு. குயவர் ஒருவர் குடம் வனைந்தாரெனின், வனைதல் தொழில், குயவர் செய்வோர், குடம் செயப்படுபொருள், வனைந்த இடம் நிலம், பொழுது காலம், சக்கரம் கருவி. அக்குடத்தைக் கொள்பவர் யார் என்பது ‘இன்னதற்கு’ என்பதன்பாற் படும்; அதனால் விளைவது யாது என்பது ‘இது பயன்’ என்பதன்பாற் படும். பின்வந்த நன்னூலார் வினை தருவன ஆறெனவே கூறி இறுதி இரண்டையும் தம் சூத்திரத்திற் சேர்த்திலர்.

இவ்வெட்டையும் ஓர் அளவுகோலாகக் கொண்டு, படிப்பறையின் மூலையிற் கட்டிவைத்திருந்த பழைய நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களை வகுப்பினர் சிலர் கூடிப் படிக்கலானோம். எந்த இதழையும் குறைகூறுவது எம் நோக்கமன்று. ஆதலின் அவற்றின் தொடர்களை எடுத்துக் காட்டாது, அவற்றின் போக்கில் யாமே புனைந்த தொடரொன்றை ஈண்டு வைக்கின்றோம்: ‘அதிவேகமாக வந்த தனியார் பேருந்து கட்டுப்பாட்டை இழந்து சாலையோரப் புளியமரத்தில் மோதியதில் 12 பேர் காயமடைந்தனர்.’ நம் மாவட்டப் பக்கங்களைப் படித்துப் பழகியோர்க்கு இத்தொடர் புதிதாகத் தோன்றாது.

தொழில் மோதுதல். செய்தியின் முன்பின் வரிகளில் நிலமும் காலமும் தவறாது இருக்கும். ஊர்ப்பெயர், நேரம் ஆகியவற்றில் நம் நிருபர்கள் பெரும்பாலும் கருத்தாகவே உள்ளனர். செய்வோர் இருக்குமிடத்திலோ பேருந்து அமர்ந்திருக்கிறது. அது கருவியன்றோ? கருவியைச் செய்வோர் இருக்கையில் ஏற்றிவிட்டால், செய்தவர் யாரென்னும் வினா படிப்போர் மனத்தில் எழாது. ‘கட்டுப்பாட்டை இழந்து’ என்னும் வினையெச்சமோ இன்னும் வியப்புடையது. கட்டுப்பாடு என்பது பேருந்தின் உடைமையாக எப்போது இருந்தது? பிரேக் பழுதாயிருந்ததோ, டயர் தேய்ந்திருந்ததோ, ஓட்டுநர் ஓய்வின்றி எத்தனையாவது நடை ஓட்டினாரோ, பின்னே வரும் பேருந்து தம் பயணிகளை ஏற்றிச் செல்லுமுன் அடுத்த நிறுத்தத்தை அடைந்தாலன்றி வசூலும் வசூலைப் பொறுத்த பேட்டாவும் குறையுமென அஞ்சினாரோ, வளைவில் சாலை தவறான பக்கம் சாய்ந்திருந்ததோ – இத்தனை வினாக்களையும் அந்த ஓர் எச்சம் விழுங்கிவிடுகின்றது. எச்சம் என்பதற்கு எஞ்சி நிற்பது என்று பொருள். ஈண்டு எஞ்சி நிற்பது காரணம் முழுவதுமே.

புளியமரத்தைப் பற்றியும் ஒரு சொல். அது தானாக வந்து எவர்மீதும் மோதவில்லை. ஆயினும் இவ்வகைச் செய்திகள் வந்தபின் வெட்டப்படுவது பெரும்பாலும் அதுவே.

இனி, செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்லுதலும் வழக்கே என்று வினையியலில் ஆசிரியர் உடன்பட்டனரே எனச் சிலர் வினவலாம். உண்மை. திண்ணையை மெழுகியவர் ஒருவர் இருக்கவும், திண்ணையே தன்னை மெழுகிக்கொண்டது போலக் கூறுதல் தமிழில் உண்டு. உரையாசிரியர்கள் அவ்வகைக்கு எடுத்துக்காட்டுந் தருவர். ஆனால் திண்ணை மெழுகியவரை மறப்பதால் எவருக்கும் பெருங்கேடில்லை. அன்றியும், வீட்டிலுள்ளோர் யாவரும் மெழுகியவரை அறிவர். அறிந்தே அவ்வாறு சுருக்கிச் சொல்வர். பேருந்துச் செய்தியில் செய்தவரை அறிந்தோர் சிலர், அறியாதோர் பல்லாயிரவர். வீட்டு வழக்கை நாட்டுச் செய்திக்கு எடுத்தாண்டதே குற்றம்.

எம் தாத்தாவின் செய்தியில் கருவியும் மறைந்தது. ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்பது தோன்றா எழுவாயினும் தோன்றாததொன்று. இஃது அருகிய வழக்கன்று. நடுவணரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவிற் சாலை விபத்துக்களில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் 30,486 பேர் மோதிவிட்டு நில்லாது சென்ற வாகனங்களால் இறந்தவர். நடந்து சென்றோர் 32,825 பேர். தமிழ்நாட்டில் அவ்வாண்டு நிகழ்ந்த விபத்துக்கள் 64,105, இறந்தோர் 17,884. விபத்தின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நம் மாநிலமே முதலிடத்தில் நின்றது. இக்கணக்கு வெளிவரும் நாளில் நாளிதழ்கள் அதனை முதற்பக்கத்தில் இடுகின்றன. மறுநாள் ஐந்தாம் பக்கத்தில் வரும் நான்கு வரிச் செய்திக்கும் அதற்கும் உறவு உண்டென்று எங்குங் கூறுவதில்லை.

செய்தி இவ்வாறு அமைவதேன்? நிருபரைப் பழித்து இக்கட்டுரையை முடித்துவிடுதல் எளிது, அது நீதியாகாது. நம்மூர்ச் சிற்றூர்களில் செய்தி சேர்ப்போருட் பலர் முழுநேர ஊழியரல்லர். வேறு தொழிலும் பார்த்துக்கொண்டு, அனுப்பும் செய்திக்கேற்பச் சிறுதொகை பெறுவோர். ஒருவரே ஒரு வட்டம் முழுமைக்கும் பொறுப்பு. இரவு அச்சுக்குப் போகுமுன் செய்தி சேரவேண்டும். விபத்து நடந்த இடத்திற்கு அவர் செல்வதற்குள் வாகனங்கள் அகற்றப்பட்டிருக்கும். ஆகவே அவர் காவல் நிலையத்தைக் கேட்கிறார்; இக்காலத்தில் வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பையே பார்த்தெழுதுவதும் உண்டு. அக்குறிப்போ முதல் தகவலறிக்கையின் வழியது. முதல் தகவலறிக்கை என்பது ஒரு குற்றத்தைப் பதிவதற்காக எழுதப்படும் ஆவணம். 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்கீழ், கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்ததெனின் கவனங்குறைந்த ஓர் ஆளை அது தேடும். எரியாத விளக்கையோ அடைத்த வழியையோ அது தேடாது. காவலர் தேடாததை அவர் குறிப்பு கூறாது. குறிப்பு கூறாததைச் செய்தி கூறாது. இவ்வாறு காவல் நிலையத்து நடையே நாளிதழின் நடையாயிற்று.

எனினும் சாலையைச் செய்வோராகக் கொள்ளச் சட்டம் மறுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்திற்கு 2019-இல் வந்த திருத்தத்தில் 198ஏ என்னும் பிரிவு உண்டு. சாலையை வடிவமைத்தலிலும் அமைத்தலிலும் பேணுதலிலும் குறித்த தரத்தைக் கைவிட்டதனால் இறப்போ ஊனமோ நேரின், பொறுப்புடைய அதிகாரியோ ஒப்பந்தக்காரரோ ஓரிலக்க ரூபாய் வரை தண்டம் செலுத்த நேரும் என்பது அதன் கருத்து. மற்றொன்று: தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியில், மூன்றாண்டுகளில் இறப்போ கொடுங்காயமோ விளைத்த விபத்துக்கள் ஐந்து நேர்ந்திருப்பினும், அல்லது பத்துப்பேர் இறந்திருப்பினும், அதனைக் ‘கரும்புள்ளி’ எனக் குறித்துச் சீர்செய்யவேண்டுமென்பது அமைச்சகத்தின் நெறி. ஒரு நிருபர் தம் இதழின் பழைய தாள்களைப் புரட்டி, ‘இவ்விடத்தில் இது மூன்றாண்டுகளில் எத்தனையாவது இறப்பு’ என்று ஒரு வரி சேர்ப்பாராயின், அது செய்தியின் முகத்தையே மாற்றிவிடும். அதற்கு வேண்டுவது ஒரு மணி நேரமும் ஒரு பழந்தாட்கட்டுமே. தம் வட்டத்தின் சாலைகளை அவரைவிட நன்கறிந்தவரும் வேறொருவர் இலர்.

சொற்போக்கு மாறின் படிப்போர் கருத்தும் மாறுமோ, இது வெறும் இலக்கணப் புலமையன்றோ என்று எம் வகுப்புத் தோழர் ஒருவரே வினவினார். அமெரிக்காவில் இதனைச் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். 2019-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், வாகனம் மோதி நடந்து சென்ற ஒருவர் இறந்த ஒரே நிகழ்ச்சியை மூன்று வகையாக எழுதிப் பலருக்குப் படிக்கக் கொடுத்தனர். நடந்தவரை முன்னிறுத்தி எழுதிய செய்தியைப் படித்தோர் அவர்மேற் பழியை மிகுதியாகச் சுமத்தினர். வண்டியோட்டியவரை எழுவாயாக்கிய செய்தியைப் படித்தோர் அவ்வாறு சுமத்தியது குறைவு. அச்சாலையின் இயல்பையும் அங்கு முன் நேர்ந்தவற்றையும் சேர்த்து எழுதிய செய்தியைப் படித்தோர், சாலையைத் திருத்தவேண்டுமென்னும் பக்கம் சாய்ந்தனர். தொல்காப்பியம் பயிலாத நாட்டிலும் எழுவாய் தன் வேலையைச் செய்கிறது! பிரிட்டிஷ் மருத்துவ இதழோ 2001-இலேயே ‘ஆக்சிடென்ட்’ என்னும் சொல்லைத் தன் பக்கங்களில் வழங்குவதில்லை எனத் தீர்மானித்தது. முன்னறிந்து தடுக்கக்கூடியதை எதிர்பாராது நேர்ந்தது போல அச்சொல் காட்டுகிறது என்பதே அதன் காரணம். நாம் வழங்கும் ‘விபத்து’ என்னும் சொல்லும் அத்தன்மையதே. ஆயினும் அதனை முற்றும் விலக்கவேண்டுமென யாம் வாதியோம். வழக்கில் வேரூன்றிய சொல்லைப் பெயர்ப்பதினும், அதனருகே ‘ஏன்’ என்னும் வினாவை நடுதல் எளிது.

ரயில் விபத்துக்களில் அவ்வினா இயல்பாகவே எழுகின்றது. 1956 நவம்பர் 23-இல் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதற்குச் சில திங்கள்முன் மகபூப்நகர் விபத்தின்போது அவர் விலக முன்வந்ததையும், பிரதமர் நேரு அதனை அப்போது ஏற்காததையும் முதியோர் பலர் இன்றும் எடுத்துரைப்பர். பெரும் ரயில் விபத்து நேரின், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் என்னும் அதிகாரி விசாரணை நடத்துகின்றார். ரயில்வே அமைச்சகத்தைச் சாராது, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இயங்குபவர் அவர். ஆகவே நிருபர்க்கும் பின்தொடர ஓர் அறிக்கை கிடைக்கின்றது. சாலையில் ஒருவர் இருவராக இறப்போர்க்கு அத்தகைய விசாரணை இல்லை. ரயிலில் ஒரே நாளில் நூற்றுவர் இறப்பின் அது வரலாறாகின்றது. சாலையில் ஒரே மாநிலத்தில் ஓராண்டில் பதினேழாயிரவர் இறப்பினும் அவரவர்க்கு நான்கு வரியே.

கொடியசைக்கும் செய்தியைச் சுருங்கக் கூறி அமைவோம். புதிய பேருந்தோ வழித்தடமோ தொடங்குங்கால் மேடையிலிருந்தோர் பெயரெல்லாம் வரிசை பிறழாது அச்சேறும். படம் உண்டு. ஆனால் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படும், எவ்வெவ்வூரில் நிற்கும், மாலையில் மீளுமோ என்பதைத் தேடினால் கிட்டாது. மூன்று திங்களின்பின் அப்பேருந்து நின்றுவிட்டதாயின் அதற்குச் செய்தியே இல்லை. வகுப்பிற்குப் பிந்தி வந்து, காலைப் பேருந்து வரவில்லை என்று கூறிப் பேராசிரியர் முன் நின்ற நம் வெளியூர் மாணாக்கர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆசிரியர்க்கு அவர் காட்டத்தக்க சான்று எந்த நாளிதழிலும் இருப்பதில்லை.

தமிழ்ப் பத்திரிகை போக்குவரத்தைப் பற்றி எழுதத் தெரியாதது அன்று. 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கிய காலத்தில், பாரதியாரின் ‘இந்தியா’ போன்ற பத்திரிகைகள் அம்முயற்சியைத் தம் கட்சியாகவே மேற்கொண்டன. கப்பல் யாருடையது, எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைப்பது ஏன், அதனால் யாருக்குப் பயன் என்பன அக்காலத்தில் ஊரார் வாய்ப்பேச்சாயின. நடுநிலையில் நின்று எழுதினரெனக் கூறல் இயலாது. ஆயினும் ‘இன்னதற்கு’, ‘இது பயன்’ என்னும் இரண்டையும் அவர்கள் கைவிடவில்லை.

எம் தாத்தாவின் செய்தியில் மிகவும் வேண்டப்பட்டவை அவ்விரண்டே என்பதைப் பின்னரே அறிந்தோம். அவர் மனைவியை யாம் ‘ஆச்சி’ என்போம். இறந்து நான்கு திங்கள் கழிந்து, விடுதி நாளன்று வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் – வழக்கறிஞர் – பேச்சிடையே ஒன்று கூறினார். மோதிய வாகனம் இன்னதெனத் தெரியாவிடினும், இறந்தோர் குடும்பத்திற்கு இரண்டு இலட்ச ரூபாயும், கொடுங்காயமுற்றோர்க்கு ஐம்பதாயிர ரூபாயும் வழங்கும் திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வருவாய்த் துறை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆச்சி அதனை அறியார், யாமும் அறியோம், ஆயிரக்கணக்கானோர் படித்த அந்நான்கு வரியிலும் அஃதில்லை. ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என எழுதிய கை, அடுத்த வரியில் இதனை எழுதியிருப்பின், அச்செய்தியைப் படித்துக் காட்டிய அண்டைவீட்டார் ஆச்சியிடம் அன்றே கூறியிருப்பர். இதுபோன்றே, விபத்திற் சிக்கியோரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்பவர் தம் பெயரைக் கூற வேண்டியதில்லை என்றும், அவரைச் சாட்சியாகக் கட்டாயப்படுத்தலாகாதென்றும் சட்டம் காக்கின்றது. ‘நல்ல சமாரியன்’ எனத் திருமறைக் கதையின் பெயரையே அச்சட்டம் பெற்றிருக்கிறது. அக்கதையை இவ்விலக்கணங்கொண்டு ஒருமுறை நோக்கினோம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் வழி என்பது அதில் உண்டு. அடித்தவர் கள்ளர் என்பது உண்டு. கண்டும் விலகிச் சென்றோர் யாரென்பது உண்டு. உதவினோர் செலவிட்ட பணம் எவ்வளவென்பதும் உண்டு. ‘எரிகோ செல்ல முயன்றவர்’ என்று அதில் இல்லை.

இவ்வளவும் பேசியபின் யாமும் ஏதேனும் செய்யவேண்டுமெனத் தோன்றவே, அந்நாளிதழின் ஆசிரியர்க்கு ஒரு கடிதம் வரைந்தோம். விளக்கு எரியாத நாட்கள், அடைபட்ட வழி, இடைவெளி, பேருந்து நிறுத்தம், இரவில் அவ்வழி கடப்போர் யாவர் என்பவற்றை நிரல்படுத்தி, எட்டு முதனிலையும் அமையவே எழுதினோம். தொல்காப்பியத்தைப் பற்றி ஒரு பத்தியும் இருந்தது, அதனை நீக்குமாறு எம் பேராசிரியர் அறிவுறுத்தினார், நீக்கினோம். எட்டாம் நாள் அது வாசகர் புகார்ப் பகுதியில் மூன்று வரியாக வந்தது. வருந்தினோம், ஆயினும் நியாயமாகக் கூறின், அந்த மூன்று வரியில் இடமும் எரியாத விளக்கும் பிழையின்றி இருந்தன. எந்தத் துறைக்கு உரியது என்பதையும் ஆசிரியர் குழுவினரே விசாரித்துச் சேர்த்திருந்தனர். உண்மையில், யாம் படித்த போக்குவரத்துச் செய்திகளுட் பயன் மிக்கவை அப்புகார்ப் பகுதியிலேயே கண்டோம். எழுதுவோர் நாள்தோறும் அவ்வழி நடப்போராதலின், காரணத்தை விட்டு அவர்க்கு எழுத வாராது.

பத்து நாளில் விளக்கு எரிந்தது. இடைவெளியின் இருபுறமும் இரும்புத் தடுப்புகள் வந்தன. அவற்றின்மேல் நகைக்கடையொன்றின் விளம்பரம் இருந்தது. விளக்கை இயக்கி வைத்தோரின் பெயர்வரிசையும் படமும் அதே மாவட்டப் பக்கத்தில் வெளிவந்தன.

ஆச்சியின் விண்ணப்பத்தை வழக்கறிஞர் எழுதித் தந்தார். பணிச் சான்றிதழ் பெறுதற்காக அவர் ஒருநாள் கல்லூரிக்கு வந்தார். அலுவலகத்தில் தாம் கேட்கப்பட்டதை எமக்குக் கூறினார். தம் கணவர் பெயர் அச்சில் வந்தது அந்த ஒருமுறையே என்பதனால் அந்நான்கு வரியைக் கத்தரித்து வைத்திருந்தார். விண்ணப்பத்தோடு அதனையும் இணைத்திருக்கிறார். “பேப்பர்ல ஒரு வயசு, ரேஷன் கார்டுல ஒரு வயசு இருக்கே, எது நெசம்னு கேட்டாங்க, தம்பி” என்றார். குடும்ப அட்டையில் உள்ளதே மெய்யென விடுதிக் காப்பாளர் சான்றெழுதித் தந்தார். மாலை மயங்கியபின் ஆச்சி ஊர் திரும்பச் சாலையைக் கடந்தார். எம்மில் இருவர் உடன் சென்று பேருந்தேற்றி வந்தோம்.